மெட்டுக்கும் மெட்டுக்கும் நடுவே



1940-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் தேதியன்று அகில இந்திய வானொலி ஒரு வாத்தியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கி வைத்தது. அது ஆர்மோனியம். அதன் கட்டைகள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு சுரத்தைத்தான் பேசும். அதற்கு மேலும் போகாது, கீழும் வராது. நம் சங்கீதத்துக்கு உயிராகிய கமகம் அதில் பிறக்காது என்பதே அதன்மேல் சாட்டப்பட்ட பெருங்குற்றம். அந்தத் தடை 1971-இல்தான் தளர்ந்தது. 1939 மே 16-இல் பிறந்த நமது திருச்சிராப்பள்ளி நிலையம் தடை வந்தபோது ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தை.

தடை சரியா தவறா என்ற வழக்கில் நான் இன்று இறங்கப் போவதில்லை. அதையொட்டி எழும் வேறொரு கேள்விதான் எனக்கு வேண்டும். வீணையிலும் 24 மெட்டுகள் இருக்கின்றன. அவையும் கறுப்பு மெழுகில் புதைந்து, இம்மியும் நகராமல் நிற்கின்றன. ஒவ்வொரு மெட்டுக்கும் ஒரு சுரந்தான் உரியது. அப்படியிருக்க, ஆர்மோனியத்தின்மேல் சாட்டிய குற்றத்தை வீணையின்மேல் ஏன் எவரும் சாட்டவில்லை? சாட்டுவதிருக்கட்டும், நம் சங்கீதத்தின் இலக்கணத்தையே வீணையைப் பார்த்துத்தான் எழுதினார்கள். இது எப்படி?

இந்தக் கேள்விக்கு விடை சொல்லிவிட்டால் வீணையை எப்படி வாசிக்கிறார்கள் என்பதைச் சொல்லியதாகிவிடும். முதலில் வாத்தியத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

நம் பக்கத்து வீணை தஞ்சாவூர் வீணை. திருச்சிராப்பள்ளியிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் அது பிறக்கும் ஊரை அடைந்துவிடலாம். மரம் பலா, பண்ணுருட்டிப் பக்கத்துப் பலாவுக்குப் பேர் அதிகம். ஏறக்குறைய நான்கடி நீளம். ஒரு முனையில் குடம். அதிலிருந்து நீளும் தண்டி. தண்டியின் மறு முனையில் கீழ்நோக்கி வளைந்த யாளி முகம். அம்முகத்துக்குச் சற்று முன்னே தண்டியின் அடியில் சுரைக்காய். முற்காலத்தில் உண்மையான சுரைக்குடுக்கையையே பொருத்தினார்கள். இப்போது காகிதக்கூழிலும் வேறு பொருள்களிலும் செய்கிறார்கள். பெயர் மட்டும் சுரைக்காயாகவே நின்றுவிட்டது. குடம், தண்டி, யாளி ஆகியவற்றைத் தனித்தனியே கடைந்து பொருத்தினால் அது ஒட்டு வீணை. ஒரே மரத்துண்டில் முழுவதையும் குடைந்தெடுத்தால் அது ஏகாண்ட வீணை. பலர் வாயில் இந்தச் சொல் 'ஏகாந்த வீணை' என்றே வழங்குகிறது. ஏகாந்தம் என்பது தனிமை. வீணைக்கு அந்தப் பிழை வழக்கும் ஒரு வகையில் பொருந்திவிடுகிறது; ஏன் என்பது பின்னால் தெரியும். 2013-இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் நாட்டு இசைக்கருவிகளில் அக்குறியீட்டை முதலில் பெற்றது இதுவே.

தந்திகள் ஏழு. நான்கு தந்திகள் மெட்டுகளின் மேலே ஓடுகின்றன. சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என்பன அவற்றின் பெயர்கள். மற்ற மூன்றும் தண்டியின் பக்கவாட்டில் ஓடும் தாளத் தந்திகள். இவற்றுக்கு மெட்டுக் கிடையாது. ஆதார ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் மேல் ஷட்ஜத்தையும் விடாமல் ஒலித்துத் தாளத்தைக் காட்டுவதே இவற்றின் வேலை. குடத்தின் மேற்பலகையில் நிற்கும் பாலத்துக்குக் குதிரை என்று பெயர். அதன் தலையில் ஓர் உலோகத் தகடு உண்டு. அந்தத் தகடு முற்றிலும் சமமானதன்று. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு மெல்லிய வளைவு அதில் இருக்கும். தந்தி அதிரும்போது அந்த வளைவைத் தொட்டும் தொடாமலும் உரசிச் செல்லும். வீணை நாதத்தில் நாம் கேட்கும் அந்தக் கார்வை, மீட்டிய பின்னும் ஓயாமல் இழையும் அந்த நீட்சி, பெரும்பாலும் அங்கேதான் உண்டாகிறது. தகட்டின் வளைவு கெட்டால் வீணை கட்டையாகிவிடும்.

இனி மெட்டுகள். இங்கே ஒரு சிறு கணக்கு. தலைமை ஆசிரியன் ஒருவன் பேச வந்தால் கணக்கு இல்லாமல் விடமாட்டான் என்று நேயர்கள் பொறுத்தருள வேண்டும்.

மேருவிலிருந்து குதிரை வரை தந்தியின் நீளம் 32 அங்குலம் என்று, கணக்கின் வசதிக்காக, வைத்துக்கொள்வோம். மேரு என்பது யாளிப் பக்கத்தில் தந்தி படிந்து செல்லும் சிறு தடுப்பு. தந்தியை அழுத்தாமல் மீட்டினால் ஷட்ஜம். சரி பாதியில், 16 அங்குலத்தில் அழுத்தி மீட்டினால் மேல் ஷட்ஜம். மூன்றில் இரண்டு பங்கு தந்தியை மட்டும் ஒலிக்கவிட்டால் பஞ்சமம். நான்கில் மூன்று பங்கை ஒலிக்கவிட்டால் சுத்த மத்தியமம். ஆக, மத்தியமத்தின் மெட்டு மேருவிலிருந்து 8 அங்குலத்தில் வரும். பஞ்சமத்தின் மெட்டு பத்தே முக்கால் அங்குலத்துக்குச் சற்றே குறைவாக வரும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லித் தரும்போது ஒருமுறை பக்கத்து வீட்டு அம்மையார் ஒருவரின் வீணையை இரவல் வாங்கிப் பள்ளிக்குக் கொண்டுபோனேன். பிள்ளைகள் அளவுகோலை வைத்து அளந்தார்கள். பாதியில் அழுத்தி மீட்டியபோது ஒரு சிறுவன், "சார், இது அதே சத்தந்தான் சார், ஆனா பெரியவங்க பாடினத சின்னப் பிள்ள பாடுற மாதிரி இருக்கு" என்றான். ஸ்தாயி என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்த நூலிலும் கண்டதில்லை.

ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு மெட்டு. இரண்டு ஸ்தாயிக்கு இருபத்துநான்கு. மேருவுக்கும் முதல் மெட்டுக்கும் இடையே ஒன்றே முக்கால் அங்குலத்துக்குச் சற்று மிகுதி. குடத்தை நெருங்க நெருங்க இடைவெளி சுருங்கும். 23-ஆம் மெட்டுக்கும் 24-ஆம் மெட்டுக்கும் நடுவே அரை அங்குலம்கூட இராது. அங்கே விரலை வைக்க இடம் தேடுவதே ஒரு பயிற்சி.

இந்த ஒழுங்கு ஆதியிலிருந்தே இருந்ததன்று. ஓர் இராகத்துக்கு வேண்டிய சுரங்களுக்கு மட்டும் மெட்டு அமைத்து, இராகம் மாறினால் மெட்டையும் மாற்றிக்கொண்ட வீணையும் இருந்தது; எல்லா இராகத்துக்கும் பொதுவாக மெட்டு அமைத்த வீணையும் இருந்தது. முன்னதை ஏகராக மேளம் என்றும், பின்னதைச் சர்வராக மேளம் என்றும் வேங்கடமகி தம்முடைய சதுர்தண்டிப் பிரகாசிகையில் பிரித்துச் சொல்கிறார். அந்த நூலின் முதற் பகுதியே வீணையைப் பற்றியதுதான். தஞ்சையை 1600 முதல் 1634 வரை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில், அவருடைய அமைச்சரும் வேங்கடமகியின் தந்தையுமான கோவிந்த தீட்சிதரின் துணையோடு, இன்றைய 24 மெட்டு அமைப்பு நிலைபெற்றது என்பது மரபு. இரகுநாத மேள வீணை என்ற பெயரே அதற்குச் சான்றாக நிற்கிறது. மகன் வேங்கடமகி 72 மேளங்களை வகுத்ததும் தற்செயலாக நடந்ததன்று. பன்னிரண்டு மெட்டு கண்முன் அசையாமல் நிற்கும்போது, ரிஷப காந்தாரங்களை ஆறு விதமாகச் சேர்க்கலாம், தைவத நிஷாதங்களை ஆறு விதமாகச் சேர்க்கலாம், மத்தியமம் இரண்டு. ஆறாறு முப்பத்தாறு, இருமடங்கு எழுபத்திரண்டு என்று கணக்கு தானே விரிகிறது. தந்தை நிறுத்திய மெட்டுகளை மகன் பெருக்கிப் பார்த்தார் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு.

உலகில் மெட்டுள்ள தந்தி வாத்தியம் நம்மிடம் மட்டும் இல்லை. நடு ஆசியப் புல்வெளியில் கசாக்கு மக்கள் தொம்பிரா என்றொரு கருவியை வாசிக்கிறார்கள். நீண்ட மெல்லிய தண்டு, இரண்டே தந்திகள். பழைய தொம்பிராவில் தந்தியும் குடல் நரம்பு. மெட்டும் தண்டைச் சுற்றிக் கட்டிய குடல் நரம்பு. கட்டியதாகையால் வேண்டியபோது நகர்த்திக்கொள்ளலாம். வலக்கை விரல்களால் இரண்டு தந்தியையும் சேர்த்து வருடி, குதிரையின் பாய்ச்சலையும் பழங்கதையையும் சொல்லின்றியே வாசித்துவிடுவார்கள். அத்தகைய உருப்படிக்குக் குய் என்று பெயர். 2014-இல் யுனெஸ்கோ அக்கலையை மானிட மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. குதிரைமேல் ஊர் ஊராகப் போகும் மக்களுக்கு இலேசான வாத்தியம் வேண்டும். மெட்டு நகர்ந்தால் மீண்டும் கட்டிக்கொள்வார்கள். நம்முடைய வீணையோ உட்கார்ந்த இடத்தை விட்டு எழாத வாத்தியம். அதற்கேற்ப மெட்டும் மெழுகில் உட்கார்ந்துவிட்டது. நகரவேண்டிய வேலை முழுவதையும் அது தந்தியிடம் ஒப்படைத்துவிட்டது.

அதுதான் விடையின் தொடக்கம். ஆனால் விடைக்குள் போகுமுன், வீணைக்கு முன்னால் தமிழ்நாட்டில் இருந்த கருவியை நினைவூட்ட வேண்டும். அது யாழ். யாழில் மெட்டு இல்லை. ஒரு நரம்புக்கு ஒரு சுரம். எத்தனை சுரம் வேண்டுமோ அத்தனை நரம்பு. இலங்கையில் பிறந்த விபுலாநந்த அடிகள் பல்லாண்டு உழைத்து எழுதிய யாழ் நூல் 1947-இல் அரங்கேறியது. அக்கருவியின் வகைகளை அறிய விரும்புவோர் அங்கே செல்லலாம். எனக்கு வேண்டியது ஒரு கதை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் திருஞானசம்பந்தரின் பதிகங்களை யாழில் வாசித்து வந்தார். சம்பந்தரின் பாட்டு சிறப்பதற்கு இவருடைய யாழே காரணம் என்று பாணரின் சுற்றத்தார் பேசினர். பாணர் மனம் பொறாது, யாழில் அடங்காத ஒரு பதிகத்தை அருள வேண்டினார். தருமபுரத்தில் சம்பந்தர் பாடினார். யாழ் பின்தொடர முடியாமல் நின்றது. பாணர் யாழை உடைக்கவே ஓங்கிவிட்டார், சம்பந்தர் தடுத்தார். யாழ்மூரி என்று அப்பதிகத்துக்குப் பெயர் வந்தது.

பக்திக் கதை என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. வாத்திய இலக்கணமும் இதற்குள் இருக்கிறது. மனிதக் குரல் ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்குத் தாவுவதில்லை. வழுக்கிச் செல்கிறது, அசைந்து செல்கிறது. நரம்புக்கு ஒரு சுரம் என்று கட்டிய யாழ் அந்த வழியைக் காட்ட முடியாது. இரு நுனிகளையே காட்டும். குரலைப் பின்தொடரும் தந்தி வேண்டும் என்ற தேட்டத்தில்தான் யாழ் மெல்ல மறைந்து, ஒரே தந்தியில் பல சுரம் காட்டும் வீணை எழுந்தது என்பது என் கருத்து. புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலையில், கி.பி. ஏழாம் நூற்றாண்டு எழுத்தில், பாறையில் வெட்டிய சுர வரிசைகளை இன்றும் காணலாம். அங்கே பரிவாதினி என்ற பெயரும் வெட்டப்பட்டிருக்கிறது. ஏழு தந்தி வீணைக்கு அமரகோசம் கூறும் பெயர் அது. யாழும் வீணையும் பல நூற்றாண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்திருக்கின்றன.

நம் ஊர்க்காரர் ஒருவர் கையிலும் இந்தக் கேள்வி இருக்கிறது. உறையூரில் பாணர் குடியில் வளர்ந்த திருப்பாணாழ்வாரைத்தான் சொல்கிறேன். பாணர் என்றால் பழந்தமிழில் யாழ் மீட்டுவோர். ஆனால் கோயில்களில் அவர் திருவுருவத்தின் கையில் இருப்பதை வைணவ மரபு வீணை என்றே சொல்லும். கருவி எதுவாயினும் அவருடைய நிலைமை ஒன்றுதான். அரங்கன் கோயிலுக்குள் போக அவர் குடிக்கு இடமில்லை. காவிரியின் தென்கரையில் நின்றபடியே, அக்கரையில் தெரியும் விமானத்தை நோக்கிப் பாடினார். தண்ணீர் எடுக்க வந்த உலோகசாரங்க முனிவர் விலகச் சொன்னார், பாட்டில் ஆழ்ந்திருந்தவர் காதில் அது விழவில்லை, முனிவர் கல்லெறிந்தார், நெற்றியில் குருதி வந்தது. பிறகு அரங்கன் ஆணையால் அதே முனிவர் அவரைத் தோளில் தூக்கிச் சென்று சந்நிதியில் விட்டார் என்பது குருபரம்பரை. உள்ளே சென்றவர் பத்தே பாசுரம் பாடினார். கல்லெறிந்த கையைப் பற்றியும், தூக்கிய தோளைப் பற்றியும் நம்மவர் நிறையப் பேசிவிட்டார்கள். நான் நினைப்பது வேறு. மெல்லிய ஓசையுடைய ஒரு கருவியை ஆற்றின் இக்கரையில் நின்று மீட்டினால் அக்கரையில் யாருக்குக் கேட்கும்? கேட்காது என்று தெரிந்தே அவர் மீட்டியிருக்க வேண்டும்.

இனி விரல்களுக்கு வருவோம்.

வாசிப்பவர் சம்மணமிட்டு அமர்கிறார். குடம் வலப்புறம் தரையில் தங்கி வலத் தொடையைச் சார்ந்திருக்கிறது. சுரைக்காய் இடத் தொடையின்மேல். இடக்கை தண்டியின் கீழாகச் சுற்றி வந்து மேலே மெட்டுகளை அடைகிறது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தந்தியை அழுத்துகின்றன. அழுத்தும் இடம் மெட்டின் தலைமேல் அன்று. அதை ஒட்டி, மேருவின் பக்கமாக. மெட்டின்மேலேயே விரல் பட்டால் நாதம் மூச்சுத்திணறும். விரல் வழுக்கிச் செல்ல நுனியில் ஒரு பொட்டு எண்ணெய் தடவிக்கொள்வார்கள். வீணை வித்துவானை அடையாளம் காண விருது தேவையில்லை. இடக்கையைப் பார்த்தால் போதும். ஆள்காட்டி விரல் நுனியிலும் நடுவிரல் நுனியிலும் தந்தி அறுத்த கறுத்த கோடு இருக்கும்.

ஒரு மெட்டில் அழுத்திய தந்தியை அந்த மெட்டின்மீதே பக்கவாட்டில் இழுத்தால் தந்தி விறைக்கிறது. விறைத்தால் சுருதி ஏறுகிறது. வீணையின் மர்மம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும். கணக்கு வேண்டுவோருக்கு ஒன்று சொல்வேன்: சுருதி ஒரு முழுச் சுரம் ஏற, தந்தியின் விறைப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூட வேண்டும். ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஏறும் அளவு உயர வேண்டுமானால் விறைப்பு இரண்டேகால் மடங்காக வேண்டும். தேர்ந்தவர் ஒரே மெட்டில் நின்று மூன்று நான்கு சுரங்களை வரிசையாக இழுத்துக் காட்டுவார். எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதற்கு மெட்டில் குறி இல்லை. காதுதான் குறி. மீட்டியது ஒரு முறை. அந்த நாதம் அடங்குவதற்குள் இடக்கை சுரங்களைப் பேசிவிட வேண்டும்.

ஆர்மோனியத்துக்கும் வீணைக்கும் உள்ள வேற்றுமை இதுதான். ஆர்மோனியத்தின் கட்டையை அழுத்திவிட்டால் விரலுக்கு அப்புறம் வேலை இல்லை. வீணையில் மெட்டை அழுத்திய பிறகுதான் விரலின் வேலை தொடங்குகிறது. மெட்டு, சுரம் குடியிருக்கும் வீடன்று. சுரம் புறப்படும் வாசல்.

தோடியை எடுத்துக்கொள்ளுங்கள். காந்தார மெட்டில் விரலை வைத்து ஆடாமல் அசையாமல் மீட்டினால் காந்தாரம் வரும், தோடி வராது. அதற்குக் கீழே இருந்து தந்தியை இழுத்து, மத்தியமத்தின் வாசல் வரை தொட்டு, மறுபடி தளர்த்தி, இப்படி ஊஞ்சலாட்டும்போதுதான் "இது தோடி" என்று நம் காது எழுந்து உட்காருகிறது. சுரத்தை எழுதச் சொன்னால் 'க' என்று ஓரெழுத்தைத்தான் எழுதுவோம். வாசிப்பில் அந்த ஓரெழுத்து ஒரு பயணம். இதனாலேயே வீணையைப் புத்தகத்தைப் பார்த்துக் கற்க முடிவதில்லை. சரளி வரிசை வரை புத்தகம் வழிகாட்டும். அதற்கப்பால் குருவின் விரலைப் பார்த்து, குருவின் பாட்டைக் கேட்டு, அதைப் போல இழுத்துப் பார்க்க வேண்டும். வீணை கற்பவர் பாடவும் கற்க வேண்டும் என்று பெரியவர்கள் வற்புறுத்துவதும் இதனாலேதான். தொண்டைக்குத் தெரியாத வழி விரலுக்குத் தெரியாது.

இழுப்பு மட்டுமே கமகம் ஆகிவிடாது. ஒரு மெட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தந்தியோடு வழுக்கிச் செல்வது ஜாரு. ஒரு விரல் நிற்க, மறுவிரல் தட்டி எழுப்புவது ஸ்புரிதம். பெயர்களை அடுக்கிக்கொண்டே போகலாம்; கேட்காமல் பெயர் தெரிந்து பயனில்லை. விட்டுவிடுகிறேன்.

வலக்கையின் வேலை எளிதுபோல் தோன்றும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி மேல்தந்திகளை மீட்டும்; சிலர் நகத்தால், சிலர் விரலில் அணிந்த கம்பிச் சுருளால். சுண்டுவிரல் மட்டும் தனி உத்தியோகம் பார்க்கும். தாளத் தந்திகளை அவ்வப்போது எதிர்ப்புறமாகச் சுண்டிவிடும். இவ்வாறு ஒரே ஆள் பாட்டும் ஆகிறார், தம்புரும் ஆகிறார், தாளமும் ஆகிறார். இந்த மூன்றும் கூடி ஒளிரும் இடம் தானம். தாளக்கட்டு இல்லாமல், ஆனால் ஒரு நடையோடு, இராகத்தை அடுக்கடுக்காகக் கொட்டுவது தானம். அதைப் பாடகர்கள் பாடுகிறார்கள். ஆனால் வீணையிடமிருந்து கடன் வாங்கித்தான் பாடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றும். காரைக்குடி சகோதரர்களின் தானத்துக்கு ஈடில்லை என்று கேட்டவர்கள் சொல்வார்கள். மூத்தவர் சுப்பராம ஐயர் வீணையைச் செங்குத்தாக நிறுத்தி வாசித்தார். இளையவர் சாம்பசிவ ஐயர் வழக்கம்போல் கிடத்தி வாசித்தார். இருவரும் சேர்ந்து அமர்ந்த புகைப்படத்தைப் பார்த்தால் ஒரே வாத்தியத்தை இரண்டு வாத்தியமாக ஆக்கியது போலிருக்கும். 1888-இல் பிறந்த சாம்பசிவ ஐயர் 1952-இல் சங்கீத நாடக அகாதெமியின் விருதைப் பெற்றார், 1958-இல் மறைந்தார்.

வீணையைப் பற்றி ஒரு பெரிய சங்கடம் உண்டு. அதன் குரல் சிறிது. குடத்துக்குள் எழும் நாதம் ஒரு கூடத்தை நிரப்பும், கொட்டகையை நிரப்பாது. அதிலும் வீணையின் உயிர், மீட்டிய கணத்தில் இல்லை. மீட்டிய பின் தேய்ந்துகொண்டே போகும் நாதத்துக்குள், அந்த இழுப்பில், இருக்கிறது. கேட்பவர் வாயை மூடினால்தான் அது காதுக்கு வரும். சென்னையில் வீணை தனம்மாள் (1867–1938) வெள்ளிக்கிழமை மாலைகளில் தம் வீட்டிலேயே வாசித்தார். பெரும் வித்துவான்கள் வந்து அமர்ந்து கேட்டார்கள். மௌனம் அங்கே எழுதப்படாத சட்டம்.

கச்சேரி மேடைக்கு வந்த பின் வீணை மிருதங்கத்தோடும் கடத்தோடும் வாழ வேண்டியதாயிற்று. அதற்காகப் பலகையின்மேலேயே ஒட்டிவைக்கும் மைக் வந்தது. மின்விசையால் ஒலிக்கும் வீணையும் வந்தது. வாசிப்பவர்களை நான் குறை கூறமாட்டேன். பின் வரிசையில் இருப்பவருக்கும் கேட்க வேண்டுமல்லவா? ஆயினும் என் காதுக்குப் பட்டதை மறைக்காமல் சொல்கிறேன். ஒட்டிய மைக்கு, மீட்டும் 'டங்' என்ற ஓசையை மலையாக்கிவிடுகிறது. அதன் பின் வரும் இழைவு அம்மலையின் நிழலில் மறைந்துபோகிறது. மேலும், தானாகவே நாதம் நீள்வதால், குறைந்த விரல் வேலையிலும் ஒப்பேற்றிவிடலாம் என்ற சோம்பல் கற்பவரிடம் நுழைகிறது. நல்ல ஒலிப்பதிவு அறையில், சற்று எட்ட வைத்த மைக்கின் முன் வாசித்த வீணையை, இரவில் வீடு அடங்கிய பின் வானொலியில் கேட்டுப் பாருங்கள். விரல் தந்தியில் உரசும் ஓசைகூடக் கேட்கும். தனம்மாள் வீட்டுக் கூடத்தில் இடம் கிடைக்காத இலட்சம் பேருக்கு வீணையின் பக்கத்தில் பாய் விரித்துக் கொடுத்தது வானொலிதான். நான் பேசும் இடம் கருதிச் சொல்லும் முகமன் அன்று இது.

இன்னொரு சங்கடம் பணத்தைப் பற்றியது, வெயிலையும் பற்றியது. மெழுகு வெப்பத்தில் இளகும், அழுத்த அழுத்த மெட்டுகள் தேயும், சற்றே சாயும், சுருதி கலையும். அப்போது மெழுகைப் புதுக்கி, 24 மெட்டையும் ஒவ்வொன்றாகக் காதால் பார்த்து நிறுத்த வேண்டும். இதற்கு மேளம் கட்டுதல் என்று பெயர். கருவியையும் அளவுகோலையும் வைத்துச் செய்யும் வேலை பாதி. மீதி, செய்பவரின் செவி. திருச்சிராப்பள்ளி வெயிலில் வீணை வைத்திருப்போர் மேளம் கட்டுபவரை நெருங்கிய உறவினரைப் போலக் கொண்டாட வேண்டும். பரணில் உறை போட்டுக் கிடக்கும் வீணைகள் பல வீடுகளில் இருக்கின்றன என்பதை நான் அறிவேன். பாட்டி வாசித்தது, அத்தைக்குச் சீராக வந்தது என்பார்கள். தந்தி துருவேறி, மெட்டு நான்கு விழுந்து கிடக்கும். அதைப் பாழென்று நினைக்க வேண்டாம். மரம் வெடிக்காமல், குடம் பிளக்காமல் இருந்தால், புதுத் தந்தியும் மேளம் கட்டுதலும் அதை எழுப்பிவிடும். முதிர்ந்த பலாமரத்தின் நாதம் புதுமரத்துக்கு எளிதில் வராது என்று செய்வோரே சொல்வார்கள். வெயிற்படாத உட்சுவர் ஓரம் வைத்து, வாரத்துக்கு இரண்டு முறையாவது மீட்ட வேண்டும்.

வீணையை அதற்குரிய அமைதியில் கேட்க நமக்கு இன்னும் ஓரிடம் இருக்கிறது. அது மேடையன்று. திருவரங்கம் பெரிய கோயிலில் மார்கழியில் திருவத்யயன உற்சவம் நடக்கிறது. பகற்பத்து முடிந்து, வைகுண்ட ஏகாதசியன்று பரமபத வாசல் திறந்து, இராப்பத்து தொடங்குகிறது. நம்பெருமாள் ஆயிரங்கால் மண்டபத்தில் உள்ள திருமாமணி மண்டபத்துக்கு எழுந்தருள்கிறார். பல்லாயிரம் பேர் கூடும் நாள்கள் அவை. எல்லாம் முடிந்து இரவில் நெடுநேரம் கழித்து அவர் மூலஸ்தானத்துக்குத் திரும்பும்போது, பெருவாத்தியங்கள் ஓய்ந்து, வீணை வாசிக்கப்படுகிறது. கோயிலார் இதை வீணை ஏகாந்தம் என்பார்கள். நாள் முழுதும் ஊரைக் கூட்டிய பெருமாளைத் துயிலுக்கு அனுப்ப, நாகசுரம் பயன்படாது, தவில் பயன்படாது. தேய்ந்து தேய்ந்து அடங்கும் நாதமே வேண்டும் என்று முன்னோர் கண்டிருக்கிறார்கள். ஆற்றின் அக்கரையில் நிறுத்தப்பட்ட பாணரின் கையிலிருந்த கருவி இன்று உள்வாசல் வரை செல்கிறது என்று அதைக் கேட்கும்போதெல்லாம் நான் எண்ணிக்கொள்வேன்.

கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஒலிபெருக்கியை எதிர்பார்த்து நிற்காதீர்கள். கூட்டத்தின் முணுமுணுப்பில் முதலில் ஒன்றுமே கேட்காது. தாளத் தந்தியின் ஷட்ஜத்தை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். விட்டு விட்டு ஒலிக்கும் அதைக் காது பற்றிக்கொண்டால், சிறிது நேரத்தில் அதன்மேல் சாரணியின் இழுப்பு தானாகவே தெரிய வரும்.